கோடு திரையில், வண்ணம் தாளில்: வீட்டில் படம் வரைவோருக்கு 25 குறிப்புகள்

வாரப் பத்திரிகை அட்டையில் ஓவியர் மாருதி வரைந்த பெண்முகத்தைப் பார்த்துப் பார்த்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து பழகிய தலைமுறை எங்களுடையது. 1938இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதால் அதே மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களான எங்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை. அவர் 2023இல் மறைந்தார். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் போனில் வரைகிறார்கள். அதே வீட்டு அலமாரியில் போன வருஷம் பிறந்தநாளுக்கு வந்த வாட்டர் கலர் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. இரண்டில் எது உசத்தி என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பத்து முறை அழித்துத் திருத்த வேண்டிய வேலையைத் திரைக்குக் கொடுங்கள். அழிக்கவே முடியாத வேலையைத் தாளுக்குக் கொடுங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான்.

1. செயலிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். போனுக்கு ஐபிஸ் பெயின்ட் அல்லது ஸ்கெட்ச்புக், கம்ப்யூட்டருக்குக் கிருத்தா. மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐபேட் வைத்திருப்பவர்கள் புரொக்ரியேட் வாங்கலாம். ஒருமுறை பணம் கட்டினால் போதும், சந்தா கிடையாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் அதிலேயே இருங்கள். வாரம் ஒரு செயலி மாற்றுகிறவருக்குக் கை படியாது.

2. மொபைல் கடையில் தொங்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ், விரலுக்குப் பதில் இன்னொரு விரல்; அவ்வளவுதான். அழுத்தினால் தடிப்பதும் தளர்த்தினால் மெலிவதும் அதில் வராது. அந்த வசதி போனோடு வரும் தனிப் பேனாவிலும், கம்ப்யூட்டரில் செருகும் பென் டேப்லெட்டிலும் உண்டு. நம் வேலைக்கு அது இல்லாமலும் முடியும். தடிப்பு மெலிவைத் தூரிகை பார்த்துக்கொள்ளும். “இந்த வயசில் இதெல்லாம் வருமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2010இல் ஐபேடில் வரையத் தொடங்கியபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

3. புதுப் பக்கம் திறக்கும்போதே அளவைச் சரியாகக் கொடுங்கள். ஏ4 தாளில் எடுப்பதாக இருந்தால் 2480 × 3508 பிக்சல். அதாவது 300 டி.பி.ஐ. சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடு படிக்கட்டு மாதிரி உடையும்.

4. முகம் வரைந்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாச் செயலியிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். ஒரு கண் ஏறியிருப்பதும், மூக்கு ஒரு பக்கம் போயிருப்பதும் உடனே தெரிந்துவிடும். பழைய ஓவியர்கள் இதற்காகவே கைக்கண்ணாடி வைத்திருப்பார்கள்.

5. வண்ணம் தொடும் முன் திரையிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக ஒருமுறை தீட்டிப் பாருங்கள். எது வெளிச்சம், எது நிழல் என்று அதில் முடிவாகிவிட வேண்டும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது பூசும் வண்ணம் அன்று, பூசாமல் விட்ட தாள். எங்கே பூசக் கூடாது என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

6. மாதிரிக்கு உங்கள் போனில் நீங்களே எடுத்த படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எடுத்த போட்டோவை அப்படியே படியெடுத்துக் கீழே நம் பெயரைப் போடுவது முறையில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் இந்தப் பக்கம் விழுந்த பலா மரங்களுக்கும் தென்னைகளுக்கும் கணக்கே இல்லை. பழைய போனில், அத்தை மகள் கல்யாணப் படத்தின் பின்னணியில், அப்படி விழுந்த மரம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அந்தப் படத்தை ஒரு லேயரில் (கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு) வைத்து மங்கலாக்கி, மேல் லேயரில் மரத்தை மட்டும் கோட்டில் எடுங்கள். ஆட்களை விட்டுவிடலாம்.

7. தாளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாள் இரண்டாவது தடவை தண்ணீர் பட்டதும் நூலாகப் பிரியும். 300 ஜி.எஸ்.எம். தாள் கேட்டு வாங்குங்கள். வண்ணம் சாதாரணமாக இருந்து தாள் நன்றாக இருந்தால் படம் தேறும். தலைகீழாக இருந்தால் தேறாது.

8. திரையில் வரைந்த கோட்டைத் தாளுக்குக் கொண்டுவருவதில்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். இருப்பதிலேயே சுலபமான வழி ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் மெஷினிலும் லேசர் பிரிண்டரிலும் இருப்பது மை அல்ல, டோனர் என்னும் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் கரையாது. உங்கள் தாளை ஏ4 அளவுக்கு வெட்டி எடுத்துப் போங்கள். “தடிமனான தாள், பக்கத்து டிரேயில் வைத்து விடுங்கள், அண்ணே” என்று சொல்லுங்கள். அடி டிரேயில் வைத்தால் மெஷினுக்குள் வளைந்து சிக்கும், அண்ணனும் சிடுசிடுப்பார். ரொம்பச் சொரசொரப்பான தாளில் டோனர் சரியாகப் பிடிக்காது. வழவழப்பான பக்கத்தில் எடுப்பது நல்லது. கோட்டைக் கன்னங்கரேல் என்று விடாமல் திரையிலேயே வெளிர்ச் சாம்பலாக மாற்றிக்கொண்டு போனால், மெஷின் அதைப் பொடிப்பொடிப் புள்ளியாக அச்சடிக்கும். பென்சில் கோடு மாதிரியே இருக்கும், வண்ணத்துக்கு அடியில் அடங்கிப் போகும்.

9. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் கதை வேறு. வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கலர் மை தண்ணீரில் கரையும் ரகம். இது தெரியாமல் நான் ஒரு கடையில் எடுத்துவந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த பாட்டியின் முகத்தில் முதல் வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சு) வைத்தேன். சுருக்கம் எல்லாம் ஊதா நிறத்தில் கழுத்துக்கு இறங்கியது. அன்றிலிருந்து எந்தப் பிரிண்டாக இருந்தாலும் ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பார்க்காமல் தூரிகையைத் தொடுவதில்லை. கரைகிற பிரிண்டர்தான் கையில் இருக்கிறது என்றால், கோட்டை மிக வெளிறிய நீலத்தில் எடுங்கள். வானம், தண்ணீர் வரும் படங்களில் வாஷோடு கரைந்து காணாமல் போகும்.

10. பிரிண்டே வேண்டாம் என்றால் ஜன்னல் கண்ணாடி இருக்கிறது. சாதாரணத் தாளில் எடுத்த கோட்டை அடியில் வைத்து, மேலே நல்ல தாளை டேப் போட்டு ஒட்டி, வெயில் அடிக்கும் ஜன்னலில் வைத்து எடுங்கள். டேப்லெட் திரையையே விளக்குப் பலகையாக்குவதும் உண்டு. வெளிச்சத்தை முழுதாக வைத்து, திரை திரும்பாமல் பூட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு, இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். 300 ஜி.எஸ்.எம். தாளில் மங்கலாகத்தான் தெரியும். எனக்கு ஜன்னல்தான் பிடிக்கும்.

11. கார்பன் பேப்பர் மட்டும் வேண்டாம். அதில் உள்ள மெழுகு தாளில் ஒட்டிக்கொண்டு வண்ணத்தைத் தள்ளிவிடும். பிரிண்டின் பின்பக்கம் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலே கார்பன் தயார்.

12. கோடு லேயரின் நான்கு மூலையிலும் சின்னக் கூட்டல் குறி போட்டுவிட்டுப் பிரிண்ட் எடுங்கள். இப்போது எதற்கென்று தெரியாது. இருபதாவது குறிப்பில் வேலைக்கு ஆகும்.

13. பரீட்சை அட்டையில் தாளை வைத்து நான்கு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டுங்கள். தாள் அப்பளமாக நெளியாது. நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பைப் படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். அவசரப்பட்டால் தாளும் தோலுரியும்.

14. போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் அதைத் தொடாதீர்கள். காய்ந்ததும் அடர்ந்த நிறங்களின் மேல் வெள்ளை பூத்துப்போகும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும். மழை பெய்தால் பிடித்து வைத்த தண்ணீர் இன்னும் நல்லது. இரண்டு பாத்திரம் வையுங்கள்: ஒன்று தூரிகை கழுவ, ஒன்று வண்ணம் கரைக்க. பக்கத்தில் பழைய வேட்டித் துணி. பருத்தி என்பதால் ஈரம் வாங்கும். கலப்பு நூல் துணி வாங்காது.

15. தண்ணீரும் டேப்லெட்டும் ஒரே மேசையில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் சந்தித்தே தீரும். வலக்கைக்காரர்கள் தண்ணீரை வலப்பக்கம் வைத்தால் டேப்லெட்டை இடப்பக்கம், ஒரு புத்தகத்தின் மேல் உயர்த்தி வையுங்கள். உயரமான டம்ளருக்குப் பதில் அடி அகன்ற கிண்ணம். சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் திரை தானாகத் தாவும், துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

16. ஆறு நிறம் இருந்தால் கடை விரிக்கலாம்: இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு காவி. கேமல் டியூப் எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். கறுப்பு டியூப் வாங்க வேண்டாம். நீலமும் காவியும் கலந்தால் வருகிற கறுப்பில் உயிர் இருக்கும். டியூப்பைப் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் பிதுக்கிக் காயவிட்டால் அதுவே பயணப் பெட்டி.

17. சித்திரை வெயிலில் தூரிகை எடுத்து அடுத்த பக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். பெரிய வானம், பெரிய குளம் எல்லாம் விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நேர்மாறு. அரை நாள் ஆனாலும் காயாது, மூடிவைத்த வண்ணக் கட்டியில் பூஞ்சை பிடிக்கும். பெட்டியைத் திறந்து காயவைத்துவிட்டு மூடுங்கள், உள்ளே இரண்டு கிராம்பு போடுங்கள். வாங்கிய செருப்பு டப்பாவில் வரும் சிலிகா பாக்கெட்டைத் தாள் வைக்கும் பையில் போடுங்கள்.

18. ஈரமான வாஷ் மேல் நாலைந்து கல் உப்பைத் தூவினால், உப்பு ஈரத்தை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும். பலாப்பழத் தோலுக்கும் பழைய சுவருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பளபளப்பு மங்கி, ஈரம் மட்டும் நிற்கும் நேரம் பார்த்துத் தூவ வேண்டும். தூள் உப்பில் பொடிப் புள்ளியாக வரும். ஸ்கேன் செய்யும் முன் ஒரு கல் விடாமல் தட்டிவிடுங்கள், ஸ்கேனர் கண்ணாடி கீறிப்போகும். திரையில் உப்புத் தூரிகை என்றே ஒன்று இருக்கிறது. எத்தனை தடவை வைத்தாலும் ஒரே பூ.

19. ஆலங்குடி வட்டாரத்துச் செம்மண்ணிலேயே வண்ணம் செய்யலாம். குப்பை இல்லாத இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து இடித்துச் சலித்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு நிமிஷம் நின்றால் மணல் அடியில் தங்கும். மேலே உள்ள செந்நிறத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைத் தட்டில் காயவைத்தால் சந்தனம் போல நைசான தூள். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டு ஊறவைத்து வடிகட்டுங்கள். டியூப்பில் வரும் வாட்டர் கலரிலும் வண்ணத்தூளைப் பிடித்துவைப்பது இதே இனத்து வேலம் பிசின்தான். தூளும் பிசினும் ஏறக்குறைய சமம், இரண்டு சொட்டுத் தேன், ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய். தட்டையான அடி உள்ள பாட்டிலால் கண்ணாடித் துண்டின் மேல் நறநறப்பு அடங்கும் வரை அரையுங்கள். கால் மணி நேரம் ஆகும், தோள் வலிக்கும். காய்ந்த பிறகு விரலில் தூளாக ஒட்டினால் பிசின் போதாது; வெடித்தால் இன்னும் கொஞ்சம் தேன். இந்தச் சிவப்பு இரும்புத் தாது என்பதால் வெளுக்காது. சித்தன்னவாசல் குகைக் கோயில் கூரையில் 9ஆம் நூற்றாண்டில் தாமரைக் குளம் தீட்டியவர்களும் இப்படிப்பட்ட தாது வண்ணங்களைத்தான் நம்பினார்கள். மஞ்சள்தூளிலும் செம்பருத்தியிலும் செய்துபார்க்கும் ஆசை வரும். செய்யுங்கள், ஆனால் சுவரில் மாட்டாதீர்கள். சில வாரத்தில் வெளுக்கத் தொடங்கிவிடும்.

20. காய்ந்த படத்தை ஓரிரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். அதே அளவில் அச்சடிக்க 300 டி.பி.ஐ., பெரிதாக்க 600. பிறகு செயலியில் ஸ்கேனை அடி லேயராகவும், பழைய கோட்டை மேல் லேயராகவும் வைத்து, மேல் லேயரை ‘மல்டிப்ளை’ என்று மாற்றினால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். மூலையில் போட்ட கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி நகர்த்துங்கள். வண்ணம் மூடிவிட்ட கண் இமை, வளையல், கோபுரத்தின் பொடி வேலைப்பாடு எல்லாம் திரும்பி வரும். எல்லாக் கோட்டையும் திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. வண்ணமே பேசுகிற இடத்தில் கோட்டை அழித்துவிடுங்கள்.

21. ஸ்கேனர் இல்லையா? காலை பத்து மணி வாக்கில் திண்ணை நிழலில் படத்தைத் தரையில் வைத்து, போனை நேர்மேலே பிடித்து, சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டப் போனால் ஓரம் வளையும். ஃபிளாஷ் கூடாது. ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: நம் வீட்டுச் சுவர்கள் பச்சை, ரோஸ், ஊதா. சுவரை ஒட்டி வைத்து எடுத்தால் படத்திலும் அந்தச் சாயல் ஏறும், கட்டியிருக்கும் சேலையின் சாயலும் ஏறும். ரசீது ஸ்கேன் செய்யும் செயலியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தாளை வெளுப்பாக்குகிறேன் என்று மெல்லிய வாஷை எல்லாம் துடைத்து எடுத்துவிடும்.

22. ஸ்கேனுக்குப் பிறகு திரையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: தூசி, ஒட்டிக்கொண்ட தூரிகை முடி, தவறித் தெறித்த சொட்டு. தாளின் சொரசொரப்பு தெரியும் அளவோடு வெளிச்சத்தைக் கூட்டி நிறுத்துங்கள். வண்ணம் வழிந்து தானாக உருவான காலிஃப்ளவர் விளிம்பை அழகுபடுத்துகிறேன் என்று அழிக்கிறவர்கள் பேசாமல் முழுப் படத்தையும் திரையிலேயே வரைந்துவிடலாம். தாளையும் தண்ணீரையும் இவ்வளவு பாடுபடுத்தியதே அந்த விளிம்புக்காகத்தான்.

23. கெட்டுப்போன படத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அதில் எங்கேயாவது உள்ளங்கை அகலத்துக்கு நல்ல வாஷ் ஒன்று இருக்கும். வெட்டி ஸ்கேன் செய்து வையுங்கள். அடுத்த படத்தில் சேலை முந்தானைக்கோ மழை வானத்துக்கோ அதைக் கிளிப்பிங் லேயராக (கீழே உள்ள வடிவத்துக்குள் மட்டும் தெரியும் லேயர்) மாட்டிவிடலாம். என்னிடம் உள்ளதில் அதிகம் உழைத்தது ஒரு பாழாய்ப்போன குளத்தின் பச்சைதான்.

24. படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது திரையில் மின்னும் பச்சையும் ரோஸும் தாளில் மங்கும் என்பதை முன்னாலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். இந்த முறைக்கு நல்ல முதல் வேலை பொங்கல் வாழ்த்து அட்டை. கரும்பும் பானையும் தண்ணீர் வண்ணத்தில், எழுத்து உங்கள் கையெழுத்திலேயே திரையில். ஒரு படத்தில் பெயரை மட்டும் மாற்றி இருபது வீட்டுக்கு அனுப்பலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வெறும் கோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். வண்ணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

25. என்ன வரைவது என்று திகைப்பவர்களுக்கு: ஆலங்குடி தாலுகாவிலேயே, கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் இருக்கிறது. வாசலில் தாவி நிற்கும் குதிரையின் உயரம் 33 அடி. மாசி மகத்தன்று ஊர் ஊராக வந்து அதற்குக் காகித மாலை சாத்துவார்கள். குதிரையே மறைந்து வண்ணம் மட்டும் நிற்கும். அங்கே போய் நின்றுகொண்டு வண்ணம் தீட்ட முடியாது. சாதாரண நாளில் ஒருமுறை போய்க் குதிரையை மட்டும் போனில் கோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மகத்தன்று மாலையின் நிறங்களைச் சின்ன நோட்டில் பொட்டுப் பொட்டாகக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தாளில் இரண்டையும் சேருங்கள். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நோட்டை விரிக்கக்கூட இடம் கிடைக்காது.